மூன்று தட்டினால் உயர்த்து

அந்தத் தட்டல் ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படவில்லை என்பதைத்தான் பெரியவர் நியந்தாச்சி முதலில் கவனித்தார். எந்த எஞ்சினாக இருந்தாலும் மிதித்தால் தட்டல் வேகமெடுக்கும், காலை எடுத்தால் தணியும்; நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று காலை, பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மத்தான் காற்று கானா நாட்டின் குமாசி நகரத்தையே புழுதியால் போர்த்தியிருக்க, பக்கத்து வீட்டில் ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்கும் உலக்கை மந்தமாக ஒலிக்க, கருகிய எண்ணெயின் நெடி பின்கட்டு முழுவதும் நிற்க, அவர் எவ்வளவு மிதித்தும் எஞ்சின்தான் உறுமியதே தவிர, தட்டல் தன் போக்கில் வந்துகொண்டிருந்தது. மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு. அந்த இடைவெளி, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைப் போல இருந்தது.

அன்று அவருடைய தங்கை மகன் அம்போன்சா இறந்து ஒரு வருடம் நிறைந்த சடங்கு. நடுப்பகலில் ஊர் முழுக்கக் கூடியிருக்கும் மைதானத்துக்குள், அவன் படத்தை முன் இருக்கையில் நிறுத்தி, குடும்பத் தலைவரான அவரே ஓட்டிக்கொண்டு நுழைய வேண்டும். வாடகை வண்டியில் போய் இறங்கிய பழக்கம் இந்த வீட்டுக்குக் கிடையாது. எனவே மெக்கானிக் தவியாவை வரச் சொல்லியிருந்தார். அம்போன்சாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் தவியாதான்.

தவியா வந்ததும் ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்துச் சிரித்தான். "எத்தனை தடவை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கு பெரியவரே?"

"நாலு."

"அப்போ இது ஓடுறதே உங்க மூஞ்சிக்குப் பயந்துதான்."

"வாய விடாம வேலையப் பாரு. பன்னிரண்டு மணிக்கு வண்டி மைதானத்துல நிக்கணும்."

அவன் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மேல் மூடியில் வைத்துக் கேட்டான். பக்கவாட்டில் வைத்துக் கேட்டான். அவன் நெற்றி சுருங்கியது.

"வால்வு இல்ல. பேரிங் தேஞ்சிருந்தா எதாவது ஒரு சிலிண்டர்லதான் தட்டும். அந்த பிளக் வயரைப் பிடுங்கினா சத்தம் அடங்கிடும். பார்க்கலாம்."

முதல் வயரைப் பிடுங்கினான். எஞ்சின் நொண்டியது. தட்டல் அடங்கவில்லை. அதை மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினான். மூன்றாவது. நான்காவது. எதற்கும் அசையவில்லை. பொறுமையிழந்து நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக உருவிப் போட்டான். எஞ்சின் குலுங்கி, இருமி, செத்தது.

பின்கட்டு அமைதியானது. பக்கத்து வீட்டு உலக்கையும் எப்போதோ ஓய்ந்திருந்தது.

மூன்று தட்டு.

தவியா எதையும் யோசிக்கவில்லை. "இதோ, ஏத்துறேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஜாக்கியை நோக்கி இரண்டடி நடந்துவிட்டான். பிறகுதான் நின்றான். குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். புழுதி. ஒரு பழைய எண்ணெய்க் கறை. வேறொன்றும் இல்லை.

"பழக்கதோஷம்," என்றான் மெதுவாக. "எஞ்சின் ஓடும்போது அடியில படுத்திருக்கிறவன் கத்தினா மேல கேக்காது. அதனால தட்டுவோம். ஒண்ணுன்னா மிதி. ரெண்டுன்னா அணை. மூணுன்னா..."

"தெரியும்," என்றார் பெரியவர்.

சொன்னபிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

தவியா அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினான். "முட்டுக்கொடுக்கக் கட்டை எடுத்துட்டு வரல. ஒரு நிமிஷ வேலைதான். நீங்க ஜாக்கிகிட்டயே நில்லுங்க பெரியவரே." மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்தக் கால்களைப் பெரியவர் பார்க்காமலிருக்க முயன்றார். போன வருடமும் இதே இடத்தில், இதே வண்டிக்கடியில் இரண்டு கால்கள். அன்று முன்கட்டில் அரச வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், அம்போன்சாவின் தங்கையைப் பெண் கேட்டு, மதுப் புட்டிகளும் துணிமூட்டைகளுமாக. மூன்று தலைமுறையாக இந்த வீடு காத்திருந்த சம்பந்தம். ரத்தம் சிந்திய வீட்டில் அன்றைக்குப் பெண் எடுக்க மாட்டார்கள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்கட்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். வண்டி சரிந்திருந்தது. மார்பு அழுந்திப் பேச்சு வராத மருமகன், கையிலிருந்த ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான். ஜாக்கி பக்கத்திலேயே கிடந்தது. பெரியவர் குந்தி உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு. விருந்தாளிங்க இருக்காங்க," என்றார். எழுந்துபோய் ரேடியோவின் ஒலியைக் கூட்டிவிட்டு, சபையில் அமர்ந்து முதல் கோப்பையை மண்ணில் ஊற்றி முன்னோர்களை அழைத்தார். அவர்கள் விடைபெற மாலையாயிற்று.

உடனே போய்விட்டான், ஒரு சத்தம்கூட இல்லை என்று தங்கையிடம் சொன்னார். அவள் நம்பினாள்.

"பெரியவரே." அடியிலிருந்து தவியாவின் குரல். சிரிப்பு போயிருந்தது.

"என்ன?"

"எண்ணெய்த் தொட்டி பூரா பள்ளம். கல் அடிச்ச பள்ளம் இல்ல. ஸ்பேனர் முனை. மூணு மூணா இருக்கு. எண்ண முடியல."

காற்று ஒரு கைப்புழுதியை அள்ளி வண்டியின் கண்ணாடியில் வீசியது.

"அவன் உடனே சாகல," என்றது குரல். "எவ்வளவு நேரம் தட்டினான்? நீங்க வீட்டுல இருந்தீங்களே. எவ்வளவு நேரம்?"

முன்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. கறுப்பு உடுத்திய உறவினர்கள் வந்து சேரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை வரவேற்கும் தங்கை கொனாடுவின் குரல் தனியாகக் கேட்டது.

"மெதுவா பேசு," என்றார்.

"மெதுவாவா? அவன் அம்மா அங்கதானே இருக்கா? என்னை வெளிய எடுங்க. நான் அவகிட்ட பேசணும்." உலோகத்தில் உலோகம் பட்டது. மூன்று தட்டு.

அதே நேரத்தில், வண்டிக்கடியில் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. மூன்று தட்டு.

"யாரது?" தவியாவின் கால்கள் உதைத்துக்கொண்டன. "பெரியவரே, என் பக்கத்துல யாரோ... ஏத்துங்க! ஏத்துங்க!"

பெரியவரின் கை ஜாக்கியை இறக்கும் திருகில் இருந்தது. எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ஒரு வீடு. ஒரு பெயர். முன்கட்டில் ஊர்.

திருகை இளக்கினார்.

வண்டி பெருமூச்சுவிட்டபடி இறங்கியது. மெதுவாக. முழுவதுமாக. கால்கள் ஒரு முறை நிமிர்ந்தன.

தட்டல் நின்றது.

அவர் தன் மேல்துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். சத்தம் கேட்டுப் பின்கட்டின் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் கொனாடு, மகனின் படத்தை மார்போடு அணைத்தபடி.

"வண்டி சரிஞ்சிருச்சு," என்றார். குரல் சபையில் பேசும் குரலாகவே இருந்தது. "பாவம், தவியா. உடனே போயிட்டான். ஒரு சத்தம்கூட இல்ல."

கொனாடு அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"என் புள்ளைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னே, அண்ணே."



தட்டு. தட்டு. தட்டு.

நலிந்த சத்தம். எல்லோருக்கும் கேட்டது. சிறிது இடைவெளி. பிறகு, அதன் அருகிலேயே, அழுத்தமாக, பழகிய கையால்.

தட்டு. தட்டு. தட்டு.

கொனாடு அலறவில்லை. படத்தைக் கீழே வைத்துவிட்டு, புழுதியில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்தது, ஜாக்கியருகே குந்தித் திருகை மறுபடி பற்றியிருந்த பெரியவருக்கும் தெரிந்தது. எண்ணெய் படிந்த தவியாவின் கை, விரல்கள் தளர்ந்து, ஸ்பேனரை நழுவவிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. காய்ந்து, சாம்பல் பூத்து, நகங்கள் வேர்வரை தேய்ந்த கை. அது தவியாவின் கையைத் தூக்கிப் பிடித்துத் தட்டவைத்தது.

"ஜாக்கி!" என்று யாரோ கத்தினார்கள். நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். "பெரியவரே, கையை எடுங்க! ஏத்தணும், கையை எடுங்க!"

கொனாடு தன் கையை வண்டிக்கடியில் நீட்டினாள். சாம்பல் விரல்கள் தவியாவை விட்டு அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

ஆட்கள் பெரியவரின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்த முதுகோடு, முன்கட்டைப் பார்த்தபடி, ஜாக்கியின் திருகைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.