ஒன்பதாம் தட்டு

நேற்று மாலை மாற்றி வைத்த உணவுத் திரவம் இன்று மதியத்துக்குள் மஞ்சளாகியிருந்தது. அதுதான் முதலில் அவளை உறுத்தியது. புதிதாக ஊற்றும்போது சிவப்பாக இருக்கும். உள்ளே வாழும் செல்கள் தின்று கழித்துப் புளிக்கப் புளிக்க மஞ்சளாகும். அதற்கு நான்கு நாளாவது பிடிக்கும். ஒன்பதாம் தட்டுக்கு ஓர் இரவே போதுமாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் வேறு ஆளில்லை. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் காற்றாடியின் ஒரே சீரான இரைச்சல், அதற்கு அடியில் குளிர்பெட்டி அவ்வப்போது முனகி அடங்கும் ஓசை, எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் வாடை, அதையும் மீறிக்கொண்டு, மூட மறந்த பாலைப் போல லேசான ஒரு புளிப்பு. மூடி போட்ட தட்டிலிருந்து வாடை வரக் கூடாது. வந்தது.

உடன் வேலை செய்பவர்கள் அவளை 'ஆயா' என்பார்கள். வயதைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. விடுமுறை நாளிலும் வந்து செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டுப் போவாள் என்பதால் வந்தது. "பிள்ளைங்க அழுதா நம்ம ஆயாவுக்குத் தூக்கம் வராது" என்று கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஒன்பதாம் பிள்ளை யாருடையது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அது அவள் அக்காவுடையது. எட்டு நிமிடம் முந்திப் பிறந்ததால் அக்கா. மற்றபடி இருவரும் ஒரே அச்சு. பெற்றவளே பெயர் மாற்றிக் கூப்பிட்டுப் பாதி நாளைக் கழித்தவள். ஆறு மாதத்துக்கு முன் அக்காவின் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துணுக்கு ஆய்வகத்துக்கு வந்தபோது, கமுக்கமாக ஒரு நம்பர் போட்டுத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். தன் செல்லையோ ரத்த உறவின் செல்லையோ யாரும் வளர்க்கக் கூடாது என்று சுவரில் விதியே ஒட்டியிருக்கிறது. மனசு தாங்காது என்பதற்காக வைத்த விதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கட்டியின் உட்புறமெல்லாம் அமிலம். அந்தப் புளிப்பிலும் பிழைத்துக் கிடப்பவற்றைக் கொல்லும் மருந்து கிடைத்தால்தான் அக்கா பிழைப்பாள். அதனால் வாரம் ஒரு படியாகத் திரவத்தில் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாள். முதல் வாரம் பத்துக்கு ஒன்பது செத்து மிதந்தன. மிச்சத்தை அள்ளி அடுத்த படிக்கு மாற்றினாள். மறுபடி சாவு, மறுபடி மிச்சம். "பொழச்சுக்கங்கடி" என்று தட்டைப் பார்த்துச் சொல்வாள். பிழைத்துக்கொண்டன. நாலு மாதத்தில் அமிலமே அவற்றுக்குப் பிறந்த வீடாகிவிட்டது. பிறகு தாங்களே அமிலத்தைக் கக்கி அக்கம்பக்கத்தைக் காலிசெய்யவும் கற்றுக்கொண்டன.

மருந்து நல்ல செல்லை என்ன செய்யும் என்றும் பார்க்க வேண்டுமே. தன் முழங்கையிலிருந்து கடுகளவு தோலை எடுத்து வளர்த்து, வியாழக்கிழமை அமிலம் கலக்காத திரவம் ஊற்றிய ஒன்பதாம் தட்டின் வலப்பக்கம் இட்டாள். இடப்பக்கம் அக்கா. நடுவில் ஒரு வெற்றுக் கோடு.

இப்போது மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

கோடு பாதியாகிவிட்டிருந்தது. ஓரத்திலிருந்த அவளுடைய செல்கள் உருண்டு, பிடிவிட்டு, மிதந்தன. அக்காவுடையவை மெலிந்து நீண்டு, அத்தனையும் ஒரே திசையில் நுனி நீட்டியிருந்தன. வலப்பக்கம்.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பையில் செல்பேசி அதிர்ந்தது. அக்கா.

"என்னடி, இன்னும் அங்கேயா? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஊட்டினது போதும், வந்து என்னைக் கவனி."

"வரேன்க்கா."

"மருந்து ஏதாவது ஆப்பிட்டுச்சா?"

"கிடைச்சிடும்."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள். அந்த நம்பிக்கைதான் இவளைக் கொன்றது. பிளீச்சை ஊற்றி எல்லாவற்றையும் அழித்தால் அக்காவுக்கு இருக்கும் ஒரே வழியும் அதோடு போய்விடும். கொஞ்சத்தை உறைய வைத்துவிட்டு மிச்சத்தைக் கொல்லலாம் என்று முடிவுசெய்து, அக்காவின் அதே செல்கள் நிறைந்த இன்னொரு குப்பியைத் திறந்தாள். திட்டுத்திட்டாக ஒட்டிக்கிடந்தவற்றை ஊசியால் உறிஞ்சிப் பிரித்து, சின்னக் குழாயில் விட்டாள். பிறகு ஊசிக்கு மூடியை மாட்டினாள். இரண்டு கையாலும் மாட்டக் கூடாது. எல்லோரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள்.

சுருக்கென்றது.

கையுறைக்குள், ஆள்காட்டி விரலில், ஒரு சிவப்புப் பொட்டு.

ஆய்வகத் தலைவரான பேராசிரியரைச் செல்பேசியில் அழைத்தாள். ஊசி குத்திவிட்டதைச் சொன்னாள்.

"பதறாதம்மா" என்றார் அவர். "ரத்தத்தைப் பிதுக்கி விட்டுட்டு சோப்பு போட்டுக் கழுவு. அடுத்தவங்க செல் நம்ம உடம்புல நிக்காது. அந்நியன்னு தெரிஞ்சதும் உடம்பே அடிச்சு விரட்டிடும்."

"சரி சார்."

"சொந்தச் செல்லா இருந்தாத்தான் ஆபத்து. உடம்புக்கு அடையாளம் தெரியாது, உள்ள விட்டுடும். அதுக்குத்தான அந்த விதியே. ஆமா, யாரோடது அது?"

காற்றாடி இரைந்தது. சொன்னால் விரலையே எடுத்தாவது அவளைக் காப்பாற்றுவார்கள். தட்டும் குப்பியும் அன்றைக்கே நெருப்புக்குப் போகும். அக்காவும் போவாள்.

"ஒன்பதாம் நம்பர் சார். வெளி ஆளு."

பிதுக்கினாள். கழுவினாள். மறுபடி பிதுக்கினாள். தண்ணீர் தெளிவாக ஓடியது. அந்த உடம்பு யாரை அந்நியன் என்று விரட்டும்? கண்ணாடியில் பார்த்தால்கூட அக்காவுக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியாதே.

அவை எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரிந்தால் போதும். நாள் இருக்கிறதென்றால் முதலில் மருந்தைத் தேடலாம், பிறகு விரலைக் காட்டலாம். திரும்பி வந்து குனிந்தாள்.

கோடு இல்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் எந்தச் செல்லும் நகராது. இவை நகர்ந்திருந்தன. அவள் பார்க்கப் பார்க்கவே நகர்ந்தன. அவளுடையவை வரிசை வரிசையாக உருண்டு தரையை விட்டன. காலியான இடத்தில் மெலிந்த நுனிகள் அவசரமே இல்லாமல் வந்து படிந்தன. திருகியைத் திருப்பினாள். பார்வை துலங்கியது. இன்னும் மூன்று வரிசை.

இரண்டு.

திருகியைப் பிடித்திருந்த விரலின் நுனி மரத்துப்போயிருந்தது. மரத்த இடத்தைச் சுற்றி, தோலுக்கு உள்ளே, மெல்ல எரிந்தது. கையை எடுக்கவில்லை. கண்ணையும் எடுக்க முடியவில்லை. தட்டில் அவளுடைய கடைசி வரிசை பிடிவிட்டு மிதந்தபோது, எரிச்சல் முதல் கணுவைத் தாண்டியிருந்தது.