இறந்தவள் இணைந்தாள்

"செத்துப்போன என் தங்கச்சியோட போன், நேத்து காலைல இந்த வீட்டுக்குள்ள அலாரம் அடிச்சுது."

டாக்டரம்மா சொன்னதும், லேப்டாப்பில் நெட் கேபிளைச் செருகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

தங்கை... அக்காவின் கிளினிக்கிலேயே நர்ஸ். போன மாதம் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே பிணமாக ஒதுங்கியவள். தற்கொலை என்று போலீஸ் கேஸை மூடிவிட்டது. அவள் போன் மட்டும் கிடைக்கவே இல்லை.

"அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"சுவிட்ச் ஆஃப்னு வருது. ஆனா அலாரத்துல அடிச்சது அவ வச்சிருந்த பாட்டுதான். யாரோ சிம்மைக் கழட்டியிருக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "தம்பி... இந்த வீட்ல இருக்கறது நானும் என் புருஷனும்தான்."

மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம்.

மெக்கானிக் மாடியை அண்ணாந்து பார்த்தான். போன வாரம் மின்னலில் கருகிப்போன ரௌட்டருக்கு மாற்று ஏற்பாடு செய்ய வந்தவன் அவன். கொலைகாரன் வீட்டில் கால் வைப்போம் என்று நினைக்கவில்லை.

"போனைக் கண்டுபிடிக்க முடியுமா தம்பி?"

"முடியும் மேடம். பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"லேப்டாப்புக்கு நெட் கேபிள்ல வருது. இதோட ஒயர்லெஸ் அடாப்டரை அக்சஸ் பாயின்ட்டா மாத்தறேன், ரௌட்டர் மாதிரி இதுவே வைஃபை குடுக்கும். அதே பேர், அதே பாஸ்வேர்டு. வீட்டோட பழைய வைஃபைன்னு நெனச்சு உங்க தங்கச்சி போன் தானா வந்து ஒட்டிக்கும்."

செட்டிங்ஸைத் திறந்தான். பெயரைத் தட்டினான். அவள் சொல்லச் சொல்ல பாஸ்வேர்டைப் போட்டான். ஆன்.

இணைந்த கருவிகள்... ஒன்றுமில்லை.

அவள் மூச்சு அவன் தோளில் பட்டது.

திரையில் ஒரு வரி முளைத்தது.

*குட்டியின் போன்.*

"அவளேதான்..." டாக்டரம்மா அந்த வரிமேல் விரலை வைத்தாள். "குட்டின்னுதான் கூப்பிடுவோம்."

"இப்ப அடாப்டரோட பவரைக் குறைக்கறேன். போன் ரொம்பப் பக்கத்துல இருந்தாத்தான் பிடிக்கும்."

குறைத்தான். அந்த வரி மறைந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டான். கேபிள் பாம்புபோல் பின்னால் ஊர்ந்தது. ஹால்... இல்லை. சமையலறை... இல்லை. மாடிப்படி... இல்லை.

கணவரின் அறை வாசலில் அந்த வரி மறுபடி முளைத்தது.

கதவு திறந்தது.

"என்ன தேடறீங்க?" கணவர் கேட்டார்.

"குட்டியோட போனை," என்றாள் டாக்டரம்மா.

அவர் முகம் வெளுத்தது. மேஜை டிராயரை மெல்ல இழுத்தார். உள்ளே சார்ஜரில் ஒரு போன்.

"முந்தாநாள் கார் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. நடந்தப்ப நான் ஊர்லயே இல்ல. ஆனா கார் என்னுது. யாரு நம்புவாங்க? பயந்துபோய் சிம்மைக் கழட்டிட்டேன். லாக் திறக்குதான்னு பாத்துட்டு இருந்தேன்..."

"நடிக்காதீங்க. அதை இப்படிக் குடுங்க."

அவள் கை நீண்டது. மெக்கானிக் ஓசைப்படாமல் கதவுப் பக்கம் நகர்ந்தான். ஆள் ஓடினால் மறிக்கவேண்டுமே...

டிங்.

சத்தம் கணவரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"குட்டி... எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா."

அவர் அழுத்தினார்.

"அத்தான்..." இறந்தவளின் குரல் கிசுகிசுத்தது. "அக்கா போட்ட தப்பான ஊசியாலதான் கிளினிக்ல அந்தக் குழந்தை செத்துச்சு. போலீஸ்ல சொல்லப்போறேன்னு சொன்னேன். பேசலாம் வான்னு உங்க கார்ல கூட்டிட்டு வந்தா. பாலத்துல நிறுத்திட்டு இறங்கி என் பக்கம் வர்றா... அவ முகமே சரியில்ல அத்தான்... இங்க சிக்னல் வேற இல்ல..."

மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. அன்றைக்குப் போகாமல் போனுக்குள்ளேயே சிக்கிக் கிடந்த மெசேஜ். இன்று நெட் கிடைத்ததும் கிளம்பிவிட்டது.

டாக்டரம்மா தேடியது கொலைகாரனை அல்ல. சாட்சியை.

அவள் பாய்ந்து லேப்டாப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

"பிரயோஜனமில்ல மேடம். போய்ச் சேர்ந்துடுச்சு," என்றான் மெக்கானிக், கதவை அடைத்து நின்றபடி. அவன் நகரவில்லை.

மாலையில் ஜீப் அவளை ஏற்றிக்கொண்டது. வாசலில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"அந்தம்மா சொன்ன வேலை பாதியில நிக்குதாமே?"

"விடுங்க சார். அவங்களுக்கு இனிமே ஒயர்லெஸ் எதுக்கு? போற இடத்துல எண்ண எண்ணத் தீராத அளவுக்குக் கம்பி இருக்கே."