கிழிந்த உதடும் ஒரு சாக்ஸபோனும்

கீழுதடு விண்விண்ணென்று தெறித்தது.

பழனியாண்டி நாக்கால் தொட்டுப் பார்த்தான். உப்பு... இரத்தம்.

காலையில் அரிசி மில்லில் மூட்டை தூக்கும்போது கட்டியிருந்த சணல் கயிறு அறுந்து முகத்தில் அடித்துவிட்டது. வேறொரு நாளாயிருந்தால் ஒரு பிடி தவிட்டை அப்பிக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்திருப்பான்.

இன்றைக்கு முடியாது. ஐந்து மணிக்கு அவன் ஊத வேண்டும்.

வவுனியா. 2003 ஆவணி. பிற்பகல் மூன்று மணி. இசைச் சங்க மண்டபத்தின் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ஓர் அலறல்!

பியானோ வாசிக்கும் கமலாசனி டீச்சரின் குரல். ஓடினான்.

மேடையில், பியானோவின் காலடியில் செல்வராசா கிடந்தார். சங்கச் செயலாளர். கடைவாயில் நுரை. மார்போடு அணைத்தபடி ஒரு ஃபைல். பக்கத்தில் ஒரு சில்வர் பேணி உருண்டுகிடந்தது. சிந்திய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை... அறிவிப்பைச் சொல்லிப் பாத்துக்கொண்டு நிண்டவர்... அப்பிடியே விழுந்திட்டார்..."

பழனியாண்டி மூட்டைக்குக் குனிகிற மாதிரியே குனிந்தான். ஆளைத் தோளில் போட்டான். தெருவுக்கு ஓடி, வந்த ஓட்டோவை மறித்து ஏற்றினான்.

அரை மணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் இன்சாப் வந்து நின்றார்.

"ஆள் இன்னும் போகேல்லை. வயித்தைக் கழுவிறாங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தாம். இந்தப் பேணி ஆருடையது?"

"மண்டபத்துதுங்க சேர்."

"தண்ணி வைச்சது?"

"நாந்தாங்க."

இன்சாப்பின் புருவம் ஏறியது.

"நேற்று அவரோடை கொழுவினீராமே?"

"கொழுவலைங்க. மூட்டை தூக்கிறவன் ஊதி வெள்ளைக்காரி கேக்கணுமான்னாரு. கேப்பான்னேன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதாங்க. கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."

"எழும்பும். ஸ்டேசனுக்குப் போவம்."

"அஞ்சு மணிக்கு ஊதிட்டு வர்றேங்க."

"உம்மை நான் கலியாண வீட்டுக்குக் கூப்பிடேல்லை."

"தெரியுதுங்க. தெனமும் வேல முடிஞ்சு, வேர்வை காயாம வந்து ஆறு மாசம் ஊதியிருக்கேன். இன்னைக்கு ஊதாம எங்கயும் வரமாட்டேன். வேணும்னா வாசல்ல ஆளு போட்டுக்குங்க."

கான்ஸ்டபிள் ஒருத்தன் கையை முறுக்கிக்கொண்டு முன்னே வந்தான். பழனியாண்டி நகரவில்லை. பதினெட்டு வருசம் மூட்டை ஏறிய தோள் அது. கான்ஸ்டபிள் யோசித்தான்.

"அப்பிடி என்னத்தை ஊதப்போறீர்?" என்றார் இன்சாப்.

கமலாசனி இடையில் புகுந்தாள். "செலோ எண்டு பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம் இருக்கு சேர். அதுக்கும் பியானோவுக்கும் இருநூறு வருசத்துக்கு முன்னம் ஒரு ஜெர்மன்காரர் எழுதினது. செலோவுக்கு வன்னியிலை நான் எங்கை போறது? அண்ணையிட்டை, அவரின்ரை அப்பா தேயிலைத் தோட்டத்துப் பேண்டிலை ஊதின சாக்ஸபோன் கிடந்தது. செலோவின்ரை பங்கை அதுக்கு மாத்தி எழுதினன்."

"வெள்ளைக்காரி ஆர்?"

"வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒண்டிலையிருந்து வாறா. முந்தநாள்தான் கடிதம் வந்தது."

இன்சாப் குனிந்தார். பியானோவின் அடியில் கிடந்த எதையோ கைலேஞ்சியால் எடுத்தார். விரல் நீளம். மெல்லிய தகடு.

"இதென்ன, ஐஸ்கிறீம் கரண்டியோ?"

"ரீட்டுங்க. சாக்ஸபோன் வாயில கட்டறது. இது அதிர்ந்தாத்தான் சத்தம். பேணிக்குள்ள போட்டிருந்தேன்."

"தண்ணிக்குள்ளை ஏன்?"

"நனைஞ்சாத்தான் பேசும். எப்பவும் வாயில போட்டுத்தான் ஊற வைப்பேன். இன்னைக்கு ஒதடு கிழிஞ்சி போச்சி..."

கமலாசனியின் முகம் மாறியது.

"அண்ணை... இது உங்கடை மூங்கில் ரீட் இல்லையே. ஆர் தந்தது?"

"என்னுது நேத்து வெடிச்சிருச்சே டீச்சர். செயலாளர்தான் காலைல மில்லுக்கே வந்து குடுத்தாரு. திட்டினது மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னு. கொழும்புச் சாமான். ரெண்டு."

"மற்றது எங்கை?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தண்ணீரே படாத ரீட். பொலித்தீனைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோன இன்சாப், முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

"இதிலையும் மருந்து! அப்ப தண்ணிக்குள்ளை ஒருத்தரும் கலக்கேல்லை... ரீட்டிலைதான் பூசிக் காயவைச்சிருக்கு. உமக்கு மணக்கேல்லையோ?"

"பதினெட்டு வருசமா தவிட்டுத் தூசிங்க. மூக்கு சும்மா மூஞ்சி அழகுக்கு இருக்கு."

"அவருக்கு மணந்திருக்குமே?"

"காலமையிலையிருந்து அந்த மருந்தையே தொட்டுக்கொண்டு திரிஞ்சவருக்கு மணம் எங்கை பிடிபடும்?" என்றாள் கமலாசனி. "மேடையிலை இருக்கிற பேணி எப்பவும் பேசிறவருக்குத்தான் சேர். நாலு வசனத்துக்கு ஒரு மிடறு குடிக்காட்டி அவருக்குத் தொண்டை திறவாது. எடுத்து மடமடவெண்டு குடிச்சவர். நான் பாத்தனான்."

பழனியாண்டி உதட்டைத் தொட்டான். சணல் கயிறு மட்டும் அறுந்திராவிட்டால்...

அந்த ரீட் அவன் வாயில்தான் ஊறியிருக்கும்.

இன்சாப் செல்வராசாவின் ஃபைலைத் திறந்தார். மேலே ஓர் ஆங்கிலக் கடிதம். படித்தார்.

"இசையை மாற்றி எழுதின திறமைக்காக உங்களுக்கு எங்கள் கல்லூரியில் இடம் தருகிறோம். நேரில் காண வருகிறோம். கடிதம் ஆருக்கு... செல்வராசாவுக்கு."

அடியில் இசைத்தாள்கள். கமலாசனி பறித்துப் பார்த்தாள்.  குரல் கோபத்தில் உயர்ந்தது.

"என்ரை கொப்பியைப் பாத்து எழுதி, தன்ரையெண்டு அனுப்பியிருக்கிறார்! இண்டைக்கு நாங்கள் வாசிச்சா ஆர் மாத்தினதெண்டு அந்த அம்மாவுக்கு வெளிச்சுப்போடும். அதுதான் அண்ணையை..."

"உங்கடையெண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"செலோக்காரருக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை சேர். வில்லை இழுத்தாச் சரி. ஊதிறவருக்கு மூச்சு வேணும். எங்கை எடுக்கிறதெண்டு ஓரத்திலை எழுதி வைச்சனான். இஞ்சை பாருங்கோ."

செல்வராசாவின் குண்டுக் கையெழுத்து. ஒரு புள்ளி விடாமல் பார்த்தெழுதியிருந்தார்.

'அண்ணை, இதிலை மூச்சு எடுங்கோ.'

இன்சாப் அதை இரண்டு தரம் படித்தார்.

"இவருக்கு ஆர் அண்ணை?"

கான்ஸ்டபிள் சிரித்தேவிட்டான்.

மணி நாலேகால். இரண்டு ரீட்டும் சான்றுப் பொருளாக உறைக்குள் போயின.

"நிப்பாட்டுவம் அண்ணை. ரீட்டும் இல்லை. உங்கடை வாயும் இந்தக் கோலத்திலை..."

"எதுக்கு நிப்பாட்டணும்? அவரு நெனச்சதும் அதானே?"

மூட்டை வாய் அறுக்கிற கத்தியை இடுப்பிலிருந்து உருவினான். வாசல் பந்தல் மூங்கிலில் ஒரு சிம்பு வெட்டினான். படியில் குந்தியிருந்து சீவினான். வெளிச்சத்துக்குப் பிடித்தான். மறுபடி சீவினான்.

இன்சாப் கடிகாரத்தைப் பார்த்தார். 

ஐந்து மணி.

முன்வரிசையில் அந்த அம்மா. செயலாளர் இல்லாததால் அறிவிப்பும் இல்லை. கமலாசனி பியானோவில் கை வைத்தாள்.

முதல் சுரத்திலேயே உதடு மறுபடி பிளந்தது. பழனியாண்டி நிறுத்தவில்லை. மூங்கில் கரகரத்தது. பிறகு வழிக்கு வந்தது. செலோ அழுகிற இடமென்று டீச்சர் சொல்லித் தந்த இடத்தில் அவன் அழவில்லை. மூட்டையைத் தம் கட்டித் தூக்குகிற மாதிரி அந்த நீளமான சுரத்தைத் தூக்கினான். தோளில் ஏற்றினான். கடைசிவரை கீழே போடவில்லை. தாளில் மூச்சென்று எழுதியிருந்த இடங்களில் மட்டும் மூச்சு எடுத்தான்.

முடிந்தது.

முதலில் எழுந்து நின்றது வெள்ளைக்கார அம்மாதான். யார் மாற்றி எழுதியது என்று கேட்டாள்.

"நான்." கமலாசனியின் குரல் மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை போனது.

வாசலில் இன்சாப் காத்திருந்தார்.

"ஆசுப்பத்திரியிலையிருந்து கோல் வந்தது. ஆள் தப்பிட்டார். எல்லாத்தையும் ஒத்துக்கொண்டிட்டார். உம்மிட்டை மன்னிப்புக் கேட்டவராம்."

பழனியாண்டி சட்டைக் கையால் உதட்டு இரத்தத்தைத் துடைத்தான்.

"மன்னிப்ப அவரே வச்சிக்கட்டும் சேர். எனக்கு அவரு ரெண்டு ரீட் பாக்கி, அதத் தரச் சொல்லுங்க... கழுவிட்டு."