ஒட்டகம் அழுத பக்கம்

வாசிப்புமானியைத் தலையில் கவிழ்த்ததும் ஆவுடையப்பனுக்குக் காதுமடல்வரை வியர்த்தது.

பழவேற்காட்டு மிதவை நகரின் தடிப்புத்தகச் சங்கத்தார் ஆயிரம் பக்கத்துக்குக் குறைந்ததைத் தொடமாட்டார்கள். பையோடு அவர்கள் கூடினால் நகரமே நாலு அங்குலம் தாழும். அடுத்த பெருநாவலை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் வருஷா வருஷம் அடிதடி. அதற்குத்தான் இந்த யந்திரம். போன நாவல் மண்டையில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும். முதலிடம் பெறுபவர் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பார். முப்பதுக்குக் கீழே வாங்குபவர் இருநூறு பக்கத்தார் சங்கத்துக்குப் போகவேண்டும். அதைவிடக் கடலில் குதிக்கலாம்.

பதினோரு வருஷமாகத் தலைவர் ஆவுடையப்பன். போன நாவலில் அவர் படித்தது முதல் நாற்பது பக்கம், கடைசிப் பத்துப் பக்கம். நடுவிலிருந்த ஆயிரத்து நானூறையும் தானே இட்டுக்கட்டி ஒரு மணி நேரம் உரையாற்றியிருந்தார். அதில் ஓர் ஒட்டகம் படகேறி அழும். கூட்டமே மூக்கைச் சிந்தியது.

"தொண்ணூற்றெட்டு!" என்று பாடியது மானி.

அவர் பேந்தப் பேந்த விழித்தார். அடுத்தவர் தொண்ணூறு. அதற்கடுத்தவர் தொண்ணூற்றொன்று. எல்லார் மண்டையிலும் அந்த ஒட்டகம்!

கடைசியாக மீன்பண்ணை மேற்பார்வையாளர் செண்பகவல்லி. "பதினேழு."

"என்னம்மா, உங்க தலையில ஒட்டகத்தையே காணோமாம்!" செயலாளர் பொன்னுரங்கம் சிரித்தார்.

"மூணு தடவ படிச்சேன் சார். அந்தப் பக்கம் மட்டும் என் கண்ணுக்குச் சிக்கவே இல்ல." செண்பகவல்லி தலைகுனிந்துகொண்டார்.

ஆவுடையப்பனுக்குச் சுரீரென்று உறைத்தது. மானிக்குப் புத்தகமே தெரியாது. அத்தனை பக்கத்தை அதற்குள் ஏற்ற யாருக்கும் பொறுமையில்லை. பெரும்பாலோர் நினைவில் இருப்பதுதான் நாவல் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நாவலை உண்மையில் படித்திருந்த ஒரே ஆளை அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கூசிப்போய் எழுந்தார். "ஒட்டகமே கிடையாதுங்க. நான் படிக்கவே இல்ல. கதை விட்டேன்."

மானி சிவப்பாக மின்னியது: "தவறான தகவல்."

"பாத்தீங்களா தலைவரோட பெருந்தன்மையை!" பொன்னுரங்கம் கைதட்டினார்.

"யோவ், புத்தகத்தைத் திறந்து பாருங்கய்யா!"

"ஆயிரத்து நானூறு பக்கத்தை யார் தலைவரே புரட்டுறது? அடுத்த நாவல் எதுன்னு சொல்லுங்க."

செண்பகவல்லி கதவருகே போய்விட்டார். ஆவுடையப்பன் பின்னாலேயே ஓடினார். "அம்மா, நில்லுங்க. நடுவுல நிஜமா என்னதான் நடக்குது?"

"எனக்காகப் பொய் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க சார்." செண்பகவல்லி புத்தகத்தை அவர் கையில் வைத்தார். "உப்பளத்துக்காரி ஒருத்தி தொலைஞ்ச மகளைத் தேடி ஊர் ஊரா நடக்கறான்னு நானா நினைச்சுக்கிட்டேன். அழக்கூட அழுதேன். எனக்குத்தான் படிக்கத் தெரியல."