ராகு காலத்தில் தூங்கிய கேமரா

"ஐயய்யோ... அட்டிகை! கல்யாண அட்டிகையக் காணோம்!"

சிங்காரவேலு போட்ட கூச்சலில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

செல்லக்கண்ணு நகை மாளிகையின் முதலாளி செல்லக்கண்ணு ஓடி வந்தார். கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் மட்டும் இளித்தது. பத்தரைக்கு இருந்த அட்டிகை பன்னிரண்டுக்கு இல்லை!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் ஜெகதாம்பாள் ஜீப்பிலிருந்து குதித்தார். ராகு காலம் பார்க்காமல் லத்தியைக்கூடத் தொடாத அம்மணி.

"யார் மேல சந்தேகம்?"

"அதோ... அந்தக் கம்ப்யூட்டர்காரன் மேலதாங்க!" சிங்காரவேலு கை நீட்டினான். முதலாளியின் சொந்த மச்சான், கடை மேனேஜர்.

அந்தக் கை மரிய ஆல்பர்ட்டைக் காட்டியது. வரதராஜன்பேட்டைப் பையன். அரியலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. காலையில் பிரிண்டரைப் பார்க்க வந்தவன், இப்போது லாக்கப்பைப் பார்க்கப் போகிறான். அடுத்த மாதம் அனிதா மேரியோடு கல்யாணம் வேறு. ஜெயிலுக்குள் எந்தச் சாமியார் வந்து தாலி எடுத்துக் கொடுப்பார்?

"மேடம், சத்தியமா நான் இல்லைங்க!"

"கேமராவைப் போடு. தெரிஞ்சிடும்."

"எதைப் போடுறது?" சிங்காரவேலு சிரித்தான். "ராகு காலத்துல கேமரா பதிவாகாதுங்க. அப்படி வச்சதே இவன்தான்!"

ஜெகதாம்பாளின் புருவம் ஏறியது. "என்னடா இது புதுக் கதை?"

"மேடம்... பதிவு பண்ற சர்வீஸ் பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். விடாம ஓடுனா மூச்சு முட்டி நின்னுடுதுங்க. அதனால தினம் ஒரு தடவ தானா நின்னு, பழைய படத்தையெல்லாம் அழிச்சுட்டு, தானா கிளம்புற மாதிரி ஷெட்யூல் போட்டேன். திரையில படம் ஓடும். பதிவு மட்டும் இருக்காது."

"அதுக்கு ராகு காலம் எதுக்கு?"

"நான்தாம்மா சொன்னேன்." செல்லக்கண்ணு நெளிந்தார். "ராகு காலத்துல எவன் நகை வாங்க வரான்? கடை காத்து வாங்கும். அந்த நேரத்துல நிறுத்திக்கடான்னேன்."

"ஆக, கேமரா தூங்குற நேரம் இவனுக்கு நல்லாவே தெரியும்! ஏட்டய்யா, ஏத்துங்க வண்டியில!"

ஆல்பர்ட் அழுதேவிட்டான். "மேடம், முழு ராகு காலமும் நிக்காதுங்க! அரை மணிதான்! மிச்ச நேரம் பதிவாயிருக்கும்! ஒரே ஒரு தடவ கம்ப்யூட்டரைப் பாருங்க!"

என்ன நினைத்தாரோ, ஜெகதாம்பாள் உள்ளே வந்தார். ஆல்பர்ட் ஷெட்யூலைத் திறந்தான்.

அம்மணி குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ராகு பத்தரை டு பன்னெண்டு. இதுல மூணு மணின்னு இருக்கு?"

"காலண்டரைப் பார்த்துத்தாங்க போட்டேன்..."

"எந்தக் கட்டத்தை?"

ஆல்பர்ட் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தொட்டுக் காட்டினான்.

"அட மண்டு! அது எமகண்டம்டா! ராகு காலம் பக்கத்துக் கட்டம்!"

"எனக்கென்னங்க தெரியும்? எங்க வூட்டுக் காலண்டர்ல மாதா படம்தான் இருக்கும். ராகுவும் கிடையாது, எமனும் கிடையாது!"

செல்லக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! தினமும் எமகண்டத்துலயாடா என் கேமராவை நிறுத்துன?"

ஜெகதாம்பாள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றைத் தாண்டவில்லை.

"அப்படின்னா... இன்னிக்குக் கேமரா இன்னும் நிக்கவே இல்ல!"

எல்லாத் தலையும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது.

"மாமா... எனக்கு வயித்த வலிக்குது... வூட்டுக்குப் போயிட்டு வரேன்..."

சிங்காரவேலு வாசலை நோக்கி நகர்ந்தான். ஏட்டய்யா குறுக்கே நின்றார்.

ஆல்பர்ட் பதிவை ஓட விட்டான். காலி கடை. கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும் ஒரு கை. அட்டிகை நேராக டிபன் கேரியருக்குள், தயிர் சாதத்துக்குக் கீழே! வேலை முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிங்காரவேலு தலையை வேறு வாரிக்கொண்டான்!

"மச்சான்... நீயாடா?" செல்லக்கண்ணுவின் குரல் உடைந்தது. "நல்ல நேரம் பார்க்காம நகத்தைக்கூட வெட்ட மாட்டியேடா!"

ஜெகதாம்பாள் விலங்கை எடுத்தார்.

"பாவம், ராகுவை நம்பி இறங்கிட்டாரு. இன்னிக்கு டூட்டியில இருந்தது எமன்!"