இடக்கை முடிச்சு

ஐந்தாவது பேனலில் வயர் கட்டியிருந்தது.

மோட்டார் கண்ட்ரோல் லேபில் பேனலில் வயர் இருப்பது ஒரு விஷயமா என்று கேட்கலாம். ஆனால் நேற்று மாலை எட்டு பேனல்களையும் தன் கையாலேயே கழற்றி, வயர்களை நிறம் பிரித்துச் சுவர்க் கொக்கிகளில் மாட்டி, மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருந்தாள் டேப் அக்கா. விடுமுறைக் காலம். மாணவர்கள் யாரும் இல்லை. நாளை ஒரு தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்கு ஆட்கள் வருகிறார்கள், லேப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்ததால்தான் மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

டேப் அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். பதினோரு வருடமாக அந்த லேபுக்குப் பொறுப்பு அவள்தான். இடுப்பில் எப்போதும் ஒரு கறுப்பு டேப் சுருள் தொங்கும். எங்கே வயர் தோல் உரிந்திருந்தாலும் இரண்டு சுற்று சுற்றி, இப்போதைக்கு இது போதும் என்பாள். அவள் இப்போதைக்கு என்று சுற்றிய டேப் சில இடங்களில் ஏழெட்டு வருடமாக அப்படியே இருந்தது.

அவள் பேனலுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தரைக்குக் கீழே இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே பெய்துகொண்டிருந்த மழை, சுவருக்குள் போகும் குழாயில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. பழைய மோட்டார்களின் வார்னிஷ் வாசனையும் ரப்பர் வாசனையும் ஈரத்தில் ஊறிக் கனத்திருந்தன. பேனலில் ஒரு வயர்கூட ஒரு மயிரிழை கூடுதலாக நீளவில்லை. எல்லாம் ஒரே மூலையில் ஒரே மாதிரி மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருந்தன. வயர் முனைகளில் செருகியிருந்த எண் வளையங்கள் எல்லாம் படிப்பவர் பக்கமே பார்த்தன. கட்டுகளைப் பிளாஸ்டிக் பட்டையால் போடாமல், அந்தக் காலத்துக்காரர்கள்போல மெழுகு நூலால், ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகப் போட்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, பொறாமை. இப்படிக் கட்ட அவளுக்கு ஒருநாளும் பொறுமை இருந்ததில்லை.

ஸ்டோர்காரருக்குப் போன் போட்டாள். லேபின் மாற்றுச் சாவி ஆணியை விட்டு இறங்கவே இல்லை என்றார் அவர். நீங்களே கட்டிவிட்டு மறந்திருப்பீர்கள், வயசாகுதில்ல என்று சிரித்துவிட்டு வைத்தார்.

மெயின் பூட்டு போட்டபடியே இருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். சப்ளை இல்லை. சரி, எவனோ கைவேலை காட்டியிருக்கிறான் என்று நூலை நறுக்கி, திருகுகளைத் தளர்த்தி, முதல் வயரை உருவினாள்.

வயர் சூடாக இருந்தது. கரண்ட் ஓடின சூடல்ல அது. ரொம்ப நேரம் ஒரு உள்ளங்கைக்குள் இருந்த பொருளின் சூடு.

மனசை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். பின்பக்கம் இருந்த குழாயில் கை கழுவப் போனாள். சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும்? திரும்பி வந்தபோது ஐந்தாவது பேனலில் மறுபடியும் வயர் இருந்தது. ஆறாவதிலும் இருந்தது.

அவள் அசையாமல் நின்றாள். சுவர்க்குழாயில் மழை முனகியது. சிவப்பு வயர் கொக்கி காலியாகி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் அந்த முடிச்சு அவள் கண்ணை உறுத்தியது. குனிந்து பார்த்தாள். நூல் வலமிருந்து இடமாகச் சுற்றி, இடப்பக்கமாக இழுத்து இறுக்கப்பட்டிருந்தது. மேஜையில் கிடந்த நூல்துண்டை எடுத்து அதே போலக் கட்டிப் பார்த்தாள். அவளுடைய முடிச்சு எதிர்ப்பக்கம் விழுந்தது. இடது கையால் கட்டினால்தான் இப்படி வரும். இடது கையாலும் பல்லாலும்.

நூல்துண்டை மேஜையிலேயே வைத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு பெண் படித்தாள். வயர் மடிக்க ஸ்கேல் வைத்து அளப்பாள் என்பதால் அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர். ஒருநாள் ஐந்தாவது பேனலின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எல்லாம் முறைப்படி செய்துவிட்டுத்தான், பின்னால் அலங்கோலமாகத் தொங்கிய ஒரு பழைய வயரைச் சேர்த்துக் கட்டக் கையை உள்ளே விட்டாள். அந்த வயர், கரண்ட் இருந்த ஆறாவது பேனலிலிருந்து வந்தது. அதன் முனையில் டேப் அக்கா எப்போதோ சுற்றிய டேப் காய்ந்து வெடித்திருந்தது. ஸ்கேலின் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. விசாரணையில், மாணவி சுவிட்சை அணைக்கவில்லை என்று டேப் அக்கா எழுதிக்கொடுத்தாள். அதற்கு முன்பே அந்த வயரை உருவிக் குப்பையில் போட்டுவிட்டிருந்தாள். பெண்ணின் அப்பா ஒரு தடவை வந்து வாசலிலேயே நின்றார். "அணைச்சேன்னுதான் சொல்றா மேடம். அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல." டேப் அக்கா தலை நிமிராமல் டேப் சுருளின் முனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, உள்ளே யாராவது வந்தார்களா என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு உங்ககூடத்தானே இருக்கு," என்றார் அவர். "நீங்க வரச்சொன்னதா சொல்லிச்சு."

"எந்தப் பொண்ணு?"

"காலைலயே வந்துருச்சே. குடைய கக்கத்துல இடுக்கிக்கிட்டு, இடது கையால கையெழுத்துப் போட்டுச்சு."

போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை. கதவை நோக்கி நடந்தாள். கைப்பிடியைப் பிடிக்க வலது கையை நீட்டினாள்.

கை நீளவில்லை.

தோளிலிருந்து விரல்நுனி வரை கை இருந்தது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. ஆனால் அது வேறு யாருடைய பேச்சையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோலத் தொங்கியது. இடது கையால் கைப்பிடியை இழுத்தாள். கதவு கொஞ்சம் திறந்தது. வெளிக்காற்று பட்டது. அப்போது வலது கை அவளைப் பின்னால் இழுத்தது, அடம்பிடிக்கும் பிள்ளை அம்மாவைக் கடைக்கு இழுப்பதுபோல. அவள் செருப்பு தேயத் தேய அதன் பின்னாலேயே போனாள்.

ஏழாவது பேனலில் ஒரு கறுப்பு வயர் மடிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. கட்டைவிரல் அழுத்துவதுபோல ஒரு பள்ளம். மெதுவாக. மூலை நேராகும்வரை.

"நீ அணைச்சிருந்த," என்றாள். குரல் காற்றாக வந்தது. "எனக்குத் தெரியும். நான்தான் மாத்தி எழுதினேன்."

வயர் நின்றது.

மழைச் சத்தமும் நின்றதுபோல இருந்தது. அவ்வளவுதான், இனி விட்டுவிடும் என்று நினைத்தாள். கண்ணில் நீர் வந்தது. துறைத்தலைவரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பாதி கட்டிய கட்டு தளர்ந்து விரிந்தது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருந்தது.

அவளுடைய வலது கை எழுந்து, வயர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

நூல் சுற்றியது. இறுகியது. ஒரு விரல் இடைவெளி. மறுபடியும். அவள் இடது கையால் தன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நகம் பதிந்து ரத்தம் வந்தது. வலது கைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அது திருகாணி முடுக்கியை எடுத்தது. திருகை அளவாக முடுக்கியது. இழுத்துச் சரிபார்த்தது. பதினோரு வருடத்தில் அவள் ஒருநாளும் காட்டாத நிதானம்.

ஏழு முடிந்தது. எட்டு முடிந்தது.

கொக்கிகளில் மிச்சமிருந்த வயர்களும் ஒவ்வொன்றாக வந்து எட்டாவது பேனலின் பின்னால் கட்டாகச் சேர்ந்தன. நூல் மட்டும் மிச்சம்.

வலது கை, எட்டாவது பேனலின் பின்னால் இருந்த இடுக்கில் மணிக்கட்டு வரை நுழைந்து, அங்கேயே நின்றுகொண்டது. கத்தினாள். கதவு அவள் விட்டபடியே கொஞ்சம் திறந்திருந்தது. யாரும் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் யாரோ பல்லால் நூலைக் கடிக்கும் சத்தம்.

முதல் சுற்று மணிக்கட்டில் விழுந்தது. கையையும் வயர்க்கட்டையும் சேர்த்து. முடிச்சு இடப்பக்கம் இறுகியது. ஒரு விரல் விட்டு இன்னொன்று. வயர்கள் அவள் கையோடு சேர்ந்து மேலே ஏறின. முழங்கையில் அழகாக மடிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்துக்கொண்டன. தோள். தோளைத் தாண்டியும் நூல் நிற்கவில்லை.

கழுத்தின் ஓரத்தில் ஒரு சூடான கட்டைவிரல், அடுத்த முடிச்சுக்கு இடம் அளந்துகொண்டிருந்தது.