மூன்று பிரதிகள்

ஈஸ்வரி கணினியில் அடித்தது இரண்டு பண்ணை சர்வர்களின் முகவரிகள்தான். மல்லாங்கிணறு ஒன்று, பந்தல்குடி ஒன்று. இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரையில் மூன்று பச்சைப் புள்ளிகள் எரிந்தன. மூன்றாவது, அவள் உட்கார்ந்திருந்த பரளச்சிக் கோழிப்பண்ணை.

சித்திரையிலிருந்து மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த சர்வர் சந்தனமும் குங்குமமுமாக உறுமிக்கொண்டிருந்தது. அதன் காற்றுத் துளைகளில் இறகுத்தூளும் காய்ந்த எச்சமும் பாலாடைபோல் படிந்திருந்தன. சூடேற ஏற அதிலிருந்து இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை கிளம்பி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது.

"என்னங்க, இத யாரு போட்டது?"

மருந்து தெளிக்கும் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் மதன்குமார் சிரித்தான். "நாந்தான். ராகுகாலம் பொறக்கப் போவுது, நீ நோண்டிக்கிட்டே இருக்க. சூடத்தக் காட்டிப் போட்டுட்டேன். நாளைக்குக் குஞ்சு எறங்குதுல்ல?"

"உள்ள இருக்கிறத அழிச்சிட்டுத்தான் போடணும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

"அப்புறம் அழி. அதுக்கென்ன தெரியவா போவுது?"

அவன் அறையை ஒட்டிய காலிக் கொட்டகையின் கதவைத் திறந்து உள்ளே போனான்.

மூன்று பண்ணைக்கும் ஒரே தரவுத்தளம். ஒவ்வோர் ஊர் சர்வரிலும் அதன் பிரதி ஒன்று இருக்கும். ஒரு பதிவை அழித்தால் உடனே மறையாது, செத்தது என்று ஒரு குறி விழும். எல்லாப் பிரதிகளும் பார்த்துக்கொள்ளச் சில நாள் தவணை. பிறகு குறியும் போய்விடும். அந்த நாட்களில் அணைந்து கிடந்த சர்வர் திரும்பி வந்தால் அதற்குச் சாவு தெரியாது. அது வைத்திருப்பதை உயிருள்ளதென்று நம்பி மற்ற இரண்டும் பிரதி எடுத்துக்கொள்ளும்.

சித்திரையில் நோய் விழுந்து இந்தக் கொட்டகைக் கோழிகளை முழுக்கக் கொன்று, பின்னாலிருந்த கரிசலில் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடியிருந்தார்கள். பதிவுகளையும் அழித்தார்கள். பரளச்சி சர்வரை மட்டும் அதற்கு முன்பே அணைத்துவிட்டார்கள்.

இப்போது அந்தச் செத்த கோழிக் கூட்டத்தின் பதிவுகள் திரையில் ஏறின. எடை, தண்ணீர், தீவனம். எல்லாம் பழைய தேதிகள். எரிச்சலோடு அழிக்கப் போனவளின் விரல் கடைசி வரியில் நின்றது.

அதில் இன்றைய தேதி.

சுவருக்கு அப்பால் தீவன மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. இணைப்பு கிடைத்ததும் பண்ணை மென்பொருள் தன் வேலையைச் செய்தது. உயிரோடு இருப்பதாகப் பதிவானவற்றுக்குத் தீனி போட்டது. கூடவே அந்த நாற்றம் வந்தது. குழி மூடிய அன்று முடியிலும் புடவையிலும் ஏறி, எத்தனை குளித்தும் போகாத நாற்றம். எச்சில் கொழகொழவென்று கெட்டியானது. கதவிடுக்கில் மஞ்சள் நீர் கசிந்தது. அதில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது.

"ஏ ஈசு!" உள்ளிருந்து மதனின் குரல். "கொட்டக் கொட்டத் தட்டு காலியாவுது. எலிக் கூட்டமாட்டம் இருக்கு."

"வெளிய வாங்க."

"இரு. தரையெல்லாம் மெத்து மெத்துன்னு... ச்சீ, என்னது இது..."

பேச்சு நின்றது. மருந்து டப்பா விழுந்தது. பிறகு ஈரமான ஓர் ஓசை. சேற்றில் நூறு விரல்கள் குத்துவதைப் போல.

கோழிகளை நிறுத்துப் பார்க்கத் தரையில் பதித்த எடைத்தட்டின் எண் திரையில் எகிறியது. ஓர் ஆளின் எடை.

சர்வரின் ஒயரைப் பிடுங்கினாள். பரளச்சியின் பச்சை அணைந்தது. வரிகள் நிற்கவில்லை. மல்லாங்கிணறும் பந்தல்குடியும் அந்த ஆள் எடையையும் சேர்த்துப் பிரதி எடுத்து முடித்திருந்தன.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பற்றினாள். அது வழுக்கியது. தோலுரிந்த எதையோ தொட்டதுபோல் வெதுவெதுப்பு. விரல்களுக்கு நடுவே ஒரு புழு. குமட்டியது. கையை உதறினாள்.

உள்ளே அவன் அவளைக் கூப்பிட்டான்.

மறுபடி தொடவேண்டும். தொட்டால் போதும். கையை நீட்டினாள். கை தானாகப் பின்னால் போனது.

திரையில் எடை குறைந்தது. ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.

போன் அடித்தது. மல்லாங்கிணறு பண்ணைக் காவல்காரர் சண்முகவேல்.

"தாயி, மதன் தம்பி எப்ப இங்க வந்தாக? கொட்டகைக்குள்ள இருக்காக." அவருக்கு மூச்சு வாங்கியது. "மேல உடுப்பு இல்ல தாயி. தோலும் இல்ல. தீவனத் தட்டுல மூஞ்சிய வச்சுத் தின்னுக்கிட்டு இருக்காக."

அவர் குரலுக்குப் பின்னால் அந்த ஈரக் கொத்தல் கேட்டது. சுவருக்கு அப்பாலும் அதே கொத்தல், அதே தாளத்தில்.

காதிலிருந்து போனை எடுத்தாள். பந்தல்குடியிலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.